ஆளுக்கொரு புத்தகம்

அக்காவின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால், அவரிடம் அச்சடித்த புத்தகம் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் அலுமாரியைத் திறந்து, தங்களிடம் இருப்பது எந்தப் புத்தகம் என்று பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். பல வீடுகளில் நிம்மதி கெடும். எனக்கு எதற்கு அந்தப் பாவம்?

தலவாக்கலை கடைவீதியில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் எங்கள் இரண்டு கடைகளும் இருந்தன. என்னுடையது கைப்பேசி திருத்துகிற கடை. அவருடையது புத்தகம் அடிக்கிற கடை. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அதுவும் கூரைவரை போகாதது. அங்கே யார் வந்து எதைப் பாடிக்காட்டினாலும் எனக்குக் கேட்கும். இங்கே நான் யாரைத் திட்டினாலும் அவருக்குக் கேட்கும். இந்த ஊரில் என்னளவுக்கு இலக்கியம் கேட்டு நொந்துபோன கைப்பேசிக்காரன் வேறு யாரும் இருக்கமாட்டான்.

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். சின்ன வயதிலேயே கொழும்புக்குப் போய், ஓர் அச்சகத்தில் தாள் மடிக்கிற வேலையில் சேர்ந்து, பிறகு எல்லா வேலையும் பழகி, ஒருநாள் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். வரும்போது, யாரோ பாவித்துக் கழித்த டிஜிட்டல் அச்சு மெசின் ஒன்றையும் கொண்டுவந்தார். அதற்கு முன்னெல்லாம் எங்கள் பக்கத்தில் ஒருவர் புத்தகம் போடவேண்டுமென்றால் கொழும்பில் ஐந்நூறு பிரதி அடிக்கவேண்டும். நூறைச் சொந்தக்காரர்களின் தலையில் கட்டிவிட்டு, மீதியைக் கட்டிலுக்கு அடியில் வைத்து, பூஞ்சணம் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். அக்கா வந்த பிறகு ஒரு பிரதி வேண்டுமென்றால் ஒன்று, பத்து வேண்டுமென்றால் பத்து. கொட்டகலை, ஹட்டன், நுவரெலியா என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கவிஞர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் படிகளில் ஏறிவந்தார்கள். இத்தனை பேர் எழுதுகிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

எங்கள் ஊர் ஈரத்துக்குக் கடதாசி சுருண்டு மெசினுக்குள் சிக்கிக்கொள்ளும். அதனால் கடதாசி வைக்கும் அலுமாரிக்குள் எந்நேரமும் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும். மழை பெய்கிற நாட்களில் அந்த அலுமாரிக்குப் பக்கத்து நாற்காலிக்குத்தான் போட்டி. கவிதை கொண்டுவந்தவர்களில் பாதிப் பேர் குளிருக்குத்தான் வந்தார்கள் என்பது என் சந்தேகம்.

அக்காவின் குணம் எனக்குப் பிடிபடச் சில மாதங்கள் ஆயின. எல்லாருக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுப்பது அவருக்குப் பிடிக்காது. அது ஏதோ மரியாதைக் குறைவு என்பதுபோல நினைப்பார். ஏன் இப்படி என்று ஒருமுறை நான் வாய்விட்டே கேட்டேன். மெசினைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அந்தக் காலத்து மெசின்ல தகடு போட்டா ஆயிரமும் ஒண்ணாத்தான் வரும். அதுக்கு வேற வழி இல்ல. இதுல ஒவ்வொண்ணும் புதுசாத்தானே தம்பி வருது? தையக்காரன் ஊருக்கெல்லாம் ஒரே அளவுலயா சட்டை தைக்கிறான்?"

நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

முதலில் நான் கண்டது பதிப்பு விவகாரம். ஹட்டனில் இருந்து ஒருவர் சிறுகதைப் புத்தகம் போட வந்தார். அவருக்கு ஒரே கவலை, தன்னோடு படித்த இன்னொருவரின் புத்தகம் இரண்டாம் பதிப்புக் கண்டுவிட்டது என்பது. அக்கா முதல் பத்துப் பிரதிகளை முதற்பதிப்பு என்று அடித்தார். தேநீர் குடித்தார். அடுத்த பத்தை இரண்டாம் பதிப்பு என்று அடித்தார். பின்னேரம் ஹட்டன்காரர் பஸ் ஏறும்போது புத்தகம் ஐந்தாம் பதிப்பில் இருந்தது. ஒரு பொய்யும் இல்லை. ஒவ்வொரு முறையும் மெசினை நிறுத்தித்தான் மறுபடி அடித்தார். அந்த மனிதர் இறங்கிப்போனபோது கால் படியில் பட்டதா என்றே எனக்குச் சந்தேகம்.

பிறகு ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட மாஸ்டர் வந்தார். வாழ்நாள் முழுக்க எழுதிய கவிதைகளைத் தொகுத்திருந்தார். நடுவில் ஏழெட்டுக் காதல் கவிதைகள். அவற்றை மட்டும் குரலைத் தாழ்த்தி வாசித்தார். எனக்கென்னவோ அவைதான் நன்றாகக் கேட்டன. கவிதையில் வருகிற பெண்ணின் கன்னத்தில் மச்சம் உண்டு. மாஸ்டரின் மனைவிக்கு மச்சம் இல்லை. அதுதான் சிக்கல். எடுத்துவிடவும் மனமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகவும் தைரியமில்லை. அக்கா யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு என்று ஒரு பிரதி தனியாக அடித்தார். அதே அட்டை, அதே பக்கங்கள். காதல் கவிதைகள் இருந்த இடத்தில் முருகன்மீது பாடல்கள். மாஸ்டர் அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை மாஸ்டரின் மனைவி தனியாக வந்தார். அலுமாரிப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் கையைச் சூடாக்கினார். பிறகு, "முருகன் பாட்டு இல்லாத புத்தகம் ஒண்ணு குடுங்க" என்றார்.

அக்கா மறுக்கவில்லை, எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை. ஒன்று அடித்துக் கொடுத்தார். அந்த அம்மா அங்கேயே வாசித்துச் சிரித்தார். "அந்தப் பொம்பள யாருன்னு எனக்குத் தெரியும். இப்ப அவளுக்கு ஒரு பல்லுகூட இல்ல" என்று சொல்லிவிட்டு, மாஸ்டரிடம் சொல்லிவிடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனார். அன்றிலிருந்து ஒரே வீட்டில் புருசனும் பெண்சாதியும் ஆளுக்கொரு புத்தகத்தை ஒளித்துவைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். நான் பார்த்தவரையில் சந்தோசமாகத்தான் இருந்தார்கள்.

இதெல்லாம் மற்றவர்களுக்கு நடக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ஒரு தைப்பொங்கலுக்கு எனக்கே ஒரு புத்தகம் கொடுத்தார். அட்டையில் என் பெயர், அதற்கு மேலே 'வாடிக்கையாளரைத் திட்டுவது எப்படி' என்று தலைப்பு. உள்ளே, தடுப்புக்கு மேலாக அவர் காதில் விழுந்த என் வசனங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. 'தண்ணியில விழுந்த போனை அரிசியில புதைச்சா சோறுதான் வரும், போன் வராது' என்பது முதலாம் அத்தியாயம். எனக்கு ரோசம் வந்தது. ஆனாலும் என் பெயர் போட்ட புத்தகம் அல்லவா? கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். சிலர் நான் திட்டுவதைக் கேட்பதற்கென்றே உடைந்த போனோடு வந்தார்கள்.

உலகத்திலேயே ஒரு பிரதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சில மாதங்கள் கழித்து என் மனைவியின் தையல் மெசின் லாச்சியை இழுத்துக் கத்தரிக்கோல் தேடியபோது அதே அட்டை கண்ணில் பட்டது. திறந்து பார்த்தால் என்னுடையதில் இல்லாத ஓர் அத்தியாயம். என் மனைவியைப் பற்றி நான் கடையில் அவரிடமும் இவரிடமும் சொன்ன நல்ல வார்த்தைகள். அவளுடைய கைராசி, அவள் பொறுமை, அவள் வைக்கிற கருவாட்டுக் குழம்பு. ஒன்றைக்கூட நான் அவளுடைய முகத்துக்கு நேரே சொன்னதில்லை. லாச்சியை மூடிவிட்டேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அக்காமீது பாசமாகவும் இருந்தது. கூடவே, இந்தப் பெண் இன்னும் யார் யார் வீட்டு லாச்சியில் என்னென்ன வைத்திருக்கிறாரோ என்று ஒரு நடுக்கமும் வந்தது. அதன் பிறகு கடையில் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகினேன்.

இப்படி எல்லாரையும் ஆளுக்கொரு புத்தகத்தால் திருப்திப்படுத்திக்கொண்டிருந்தவர் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டார். அது கோவிலுக்கு அடித்த சிறப்பு மலர்.

எங்களுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாரியம்மன் கோவிலைப் புதுப்பித்துக் கட்டியிருந்தார்கள். அந்தத் தோட்டத்தில் இரண்டு பிரிவுகள், மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று. மேல்கணக்கில் ஒரு தொழிற்சங்கம், கீழ்கணக்கில் இன்னொன்று. மேல்கணக்குத் தலைவருக்குத் தொண்டை பெரிது. கீழ்கணக்குத் தலைவருக்கு மீசை பெரிது. மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை. இருவரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து பல வருசம் ஆகியிருந்தது. கும்பாபிஷேகத்தையாவது சேர்ந்து செய்யுங்கள் என்று பெண்கள் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வைத்தே இரண்டு பேரையும் மடக்கிச் சம்மதிக்க வைத்திருந்தார்கள்.

கும்பாபிஷேகம் என்றால் மலர் வேண்டும். மலர் என்றால் வாழ்த்துச் செய்தியும் படமும் வேண்டும். யாருடைய படம் முதல் பக்கம் என்பதில்தான் வந்தது வினை. மேல்கணக்குத் தலைவர் ஒருநாள் படியேறி வந்து, தன் படம் முதலில் இல்லையென்றால் மலரை மேடையில் ஏற்ற விடமாட்டேன் என்றார். மறுநாள் கீழ்கணக்குத் தலைவர் வந்து, படம் மட்டும் வேறாக, அதே வார்த்தைகளைச் சொன்னார். இரண்டு பேருக்கும் அக்கா ஒரே பதிலைத்தான் சொன்னார், அப்படியே செய்துவிடலாம் என்று.

இரண்டு பதிலும் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டன. அக்காவின் வாடிக்கையாளர்களில் பாதி அந்தச் சங்கம், பாதி இந்தச் சங்கம். கல்யாணக் கார்டு, மணிவிழா மலர், கவிதைப் புத்தகம் எல்லாம் அவர்கள் வீட்டு வேலைதான். விசயம் வெளியே வந்தால் கடையை இழுத்து மூடவேண்டியதுதான். கொழும்புக்குத் திரும்பிப் போய் இன்னொருவருக்குக் கீழே கைகட்டி நிற்பதைவிடச் சாவது மேல் என்று அவர் எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் தடுப்புக்கு மேலாக எட்டிப்பார்த்து, இரண்டு வகைப் புத்தகமும் ஒரே ஊரில்தானே சுற்றும், யாராவது பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடமாட்டார்களா என்று கேட்டேன்.

"தன் படத்தப் பாத்த பொறகு எவன் தம்பி அடுத்த ஆளு புத்தகத்த எட்டிப் பாக்குறான்?" என்றார்.

திட்டம் இதுதான். பாதிப் புத்தகங்களில் மேல்கணக்குத் தலைவர் முதல் பக்கம், பாதியில் கீழ்கணக்குத் தலைவர். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்று. அடையாளத்துக்கு, மேல்கணக்குப் பிரதிகளின் அட்டை மூலையில் சின்னதாக ஒரு சந்தனப் பொட்டு, கீழ்கணக்குக்குக் குங்குமப் பொட்டு. கோவில் புத்தகத்தில் பொட்டு இருந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? பொட்டைப் பார்த்துப் பிரித்து, அந்தந்தப் பக்கத்து ஆட்களிடம் அக்காவே நின்று கொடுப்பதாக ஏற்பாடு. அவருடைய புத்தியை நானும் மெச்சினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

கும்பாபிஷேகத்தன்று நான்தான் என் ஆட்டோவில் புத்தகக் கட்டுகளையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு போனேன். பந்தல் நிறையச் சனம். மேல்கணக்கார் ஒரு பக்கம், கீழ்கணக்கார் மறு பக்கம், நடுவே பாதை. கட்டுகளை இறக்கியதும் கோவில் கமிட்டிக்காரர்கள் அவிழ்த்து, பெரிய தாம்பாளங்களில் ஒன்றாக அடுக்கினார்கள். அக்கா கவலைப்படவில்லை, பொட்டு இருக்கிறதே. புத்தகங்களை அம்மன் பாதத்தில் வைத்துப் பூசை செய்யவேண்டும் என்று குருக்கள் உள்ளே எடுத்துப்போனார். எடுத்துப்போனவர் சும்மா இருந்தாரா? புதுப் புத்தகம், அம்மன் சந்நிதி. ஒரு பிரதி விடாமல் அட்டையில் தாராளமாகச் சந்தனத்தைத் தடவி, அதன்மேல் குங்குமத்தையும் வைத்து வெளியே அனுப்பினார்.

தாம்பாளங்கள் வெளியே வந்தபோது அக்காவின் முகத்தைப் பார்த்தேன். புத்தகங்களெல்லாம் மங்களகரமாக இருந்தன. அக்கா மட்டும் வெளிறிப்போயிருந்தார். அவர் எழுந்து போவதற்குள் கமிட்டிக்காரர்கள் கைக்கு வந்ததை எடுத்து இரண்டு பக்கமும் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மேடையில் குருக்கள் இரண்டு தலைவர்களுக்கும் மாலை போட்டு, ஆளுக்கொரு பிரதியைக் கையில் கொடுத்தார்.

மேல்கணக்குத் தலைவர்தான் முதலில் பேசவேண்டும். ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்று, முதல் பக்கத்தைச் சபைக்குக் காட்டுவதற்காகத் திறந்தார். உள்ளே மீசை. கீழ்கணக்குத் தலைவர் முழுப் பக்கத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். மேல்கணக்குத் தலைவரின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் அந்த மனிதர் எத்தனையோ வருசம் தலைவராக இருந்தவர். சனம் பார்த்துக்கொண்டிருக்கிறது, மாரியம்மன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எல்லாப் புத்தகமும் இப்படித்தான் என்று நினைத்துவிட்டார். இங்கே கோபப்பட்டால் சின்னத்தனம். விட்டுக்கொடுத்ததாகச் சொன்னால் பெருந்தன்மை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த மலரோட முதல் பக்கத்துல என் படம் இல்ல. கீழ்கணக்குத் தம்பி படம்தான் இருக்கு. அப்படிப் போடுங்கன்னு சொன்னதே நான்தான்."

பந்தலே அதிரக் கைதட்டல். பெண்கள் பக்கத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கீழ்கணக்குத் தலைவர் பூரித்துப்போய்த் தன் கையில் இருந்த பிரதியைத் திறந்தார். அதில் இருந்ததோ மேல்கணக்குத் தலைவர். மனிதர் குழம்பிப்போனார். ஊரைக் கூட்டிவைத்துத் தன்னைக் கேலி செய்கிறானோ என்று முதலில் நினைத்திருக்கவேண்டும், மீசை துடித்தது. பிறகு அந்தக் கைதட்டலை யோசித்திருக்கவேண்டும். அதை அப்படியே அடுத்தவனுக்கு விட்டுவிட முடியுமா? எழுந்துபோய் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அண்ணன் பெரிய மனசோட பேசினாரு. ஆனா புத்தகத்துல முதல்ல இருக்கிறது அண்ணன் படம்தாங்க. அப்படித்தான் இருக்கணும்னு நான்தான் சொன்னேன்."

கைதட்டல் பாதியில் நின்றது. பிறகு பந்தல் முழுவதும் தாள் புரளும் சத்தம். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா தன் புத்தகத்தையும் பக்கத்தில் இருந்தவரின் புத்தகத்தையும் சேர்த்துத் தூக்கிப்பிடித்தார். தனக்கு இவர், அவளுக்கு அவர், இதில் எது சரி என்று கேட்டார். பின்வரிசையிலும் அதே கதை. இரண்டு தலைவர்களும் ஒருவர் கையில் இருந்ததை மற்றவர் எட்டிப்பார்த்தார்கள். பிறகு இருவரும் சேர்ந்து அக்கா பக்கம் திரும்பினார்கள். பல வருசத்துக்குப் பிறகு அவர்கள் ஒரே திசையில் பார்த்தது அன்றுதான். சனமும் திரும்பியது. நான் ஆட்டோச் சாவி எந்தச் சட்டைப்பையில் இருக்கிறது என்று தடவிக்கொண்டிருந்தேன்.

அக்கா தோள்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடுப்பாதையால் நடந்தார். மேடை ஏறவில்லை. கீழே நின்றபடியே ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். குரலில் ஒரு பிசிறு இல்லை.

"ரெண்டு தலைவரும் தனித்தனியா என் கடைக்கு வந்தாங்க. இப்ப அவங்க வாயாலயே சொன்னாங்க, கேட்டீங்கதானே? ஒவ்வொருத்தரும் மத்தவரு படத்தத்தான் முன்னுக்குப் போடணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. நான் யாரு பேச்சத் தட்டுவேங்க? அதான் ரெண்டு பேரு சொன்னபடியும் பாதிப் பாதி அடிச்சுட்டேன்."

மேல்கணக்குத் தலைவர் வாயைத் திறந்தார், மூடினார். இல்லை என்று சொன்னால், ஒலிவாங்கியில் சற்றுமுன் சொன்னது பொய்யாகிவிடும். கீழ்கணக்குத் தலைவருக்கும் அதே கதிதான். கடைசியில் இருவரும், யாரோ பிடித்து ஆட்டியதுபோல, ஆமாம் என்று தலையாட்டினார்கள். பந்தல் ஆர்ப்பரித்தது. நடுப்பாதை எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டு பக்கத்துச் சனமும் கலந்து நின்று புத்தகங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் தலைவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அக்கா இதையெல்லாம் பார்க்க நிற்கவில்லை, போகலாம் தம்பி என்று என் தோளைத் தட்டினார்.

மூன்றாம் நாள் மேல்கணக்குத் தலைவர் கடைக்கு வந்தார். தன் படம் முதலில் இருக்கிற பிரதிகள் கொஞ்சம் தனியாக வேண்டுமாம், சொந்தக்காரர்களுக்கு அனுப்ப. அக்கா முன்பே கட்டிவைத்திருந்த பார்சலை எடுத்துக் கொடுத்தார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் படியிறங்குகிற நேரத்தில் கீழ்கணக்குத் தலைவர் ஏறிவந்தார். நடுப்படியில் இரண்டு பேரும் நின்றார்கள். ஒருவர் கல்யாணக் கார்டு எடுக்க வந்ததாகச் சொன்னார், மற்றவரும் கல்யாணக் கார்டுதான் என்றார். இரண்டு வீட்டிலும் கல்யாண வயதில் ஒரு பிள்ளைகூடக் கிடையாது. ஒருவரையொருவர் வாழ்த்திவிட்டு, ஒருவர் இறங்கினார், ஒருவர் ஏறினார். அவருக்கும் பார்சல் தயாராக இருந்தது.

இரண்டு பேரும் போனபிறகு நான் அந்தப் பக்கம் போய் அலுமாரிப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அத்தனை நாளும் மனதில் கிடந்த கேள்வியைக் கேட்டேன். அந்த இரண்டு பேரும் மேடையில் அப்படிப் பேசாமல், வேறு மாதிரிப் பேசியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள், அக்கா?

அவர் மெசினில் கடதாசி அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"எல்லாரும் செருப்ப வாசல்ல கழட்டிவச்சாங்க தம்பி. ஓடுற நேரத்துல அங்க தேடிக்கிட்டு நிக்க முடியுமா? நான் பைக்குள்ள வச்சிருந்தேன்."